புது வீட்டில் கேஸ் குழாய்: சிலிண்டருக்கும் இயற்கை எரிவாயுவுக்கும் ஒரே டியூப் போதுமா?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறீர்கள், சுவர் பூச்சு இன்னும் தொடங்கவில்லை. சிலிண்டரை வெளியே வைத்து, 8 மி.மீ. காப்பர் டியூபைச் சுவருக்குள் பதித்து அடுக்களை மேடை வரை கொண்டுவந்துவிடலாம், பிற்பாடு இயற்கை எரிவாயு வந்தால் அதே டியூபில் இணைத்துக்கொள்ளலாம் என்று பிளம்பர் சொல்கிறார். செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சிலிண்டரை வெளியே வைத்துக் குழாய் போடலாமா என்பது ஒன்று. இன்று போடும் குழாய் நாளைக்கும் ஆகுமா என்பது மற்றொன்று. முதலாவதற்குப் பதில், முறையாகச் செய்தால் செய்யலாம். இரண்டாவதற்குப் பதில், வேண்டாம். இயற்கை எரிவாயுவுக்காக இப்போது குழாயைப் பதிக்காதீர்கள். குழாய் வரக்கூடிய வழியை மட்டும் விட்டுவையுங்கள்.

இரண்டாவதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் பூச்சுக்கு முன் முடிவெடுக்க வேண்டியது அதுதான். வீடுகளுக்குக் குழாய்வழி இயற்கை எரிவாயு தருவது பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி பெற்ற நிறுவனங்கள். நகர எரிவாயு வலையமைப்புக்கான தொழில்நுட்ப, பாதுகாப்பு விதிமுறைகளை அந்த வாரியம் 2008-இல் வெளியிட்டது. தெருக்குழாயிலிருந்து உங்கள் அடுப்பின் வால்வு வரை என்ன குழாய், யார் இணைப்பது, எப்படிச் சோதிப்பது என்பதெல்லாம் அதற்கு உட்பட்டது. மீட்டருக்கு முன்னால் மட்டுமல்ல, பின்னால் அடுப்பு வரையிலும் நிறுவனத்தின் ஆட்களே போட்டு, சோதித்து, பதிவு செய்து தருவார்கள். வேறு யாரோ போட்டு, பூச்சுக்கு அடியில் புதைந்து, எங்கே இணைப்பு இருக்கிறது என்றே தெரியாத ஒரு டியூபில் அவர்கள் வாயுவைத் திறந்துவிட மாட்டார்கள். திறந்துவிடவும் கூடாது. எண்ணூரிலிருந்து தெற்கே வரும் பெருங்குழாயின் ராமநாதபுரம்–தூத்துக்குடி பகுதி, 143 கி.மீ., 2021 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனால் பெருங்குழாய் தூத்துக்குடி வரை வந்திருப்பதும் உங்கள் தெருவில் எரிவாயுவுக்கான மஞ்சள் குழாய் புதைவதும் வேறு வேறு. அதை நம்பி இன்றைக்குப் பூச்சைத் திட்டமிட முடியாது.

விதியை விடுங்கள், கணக்கும் இடம் கொடுக்காது. வீட்டுச் சிலிண்டரின் ரெகுலேட்டர் ஏறத்தாழ 30 மில்லிபார் அழுத்தத்தில் வாயுவை விடுகிறது. இயற்கை எரிவாயு அடுப்புக்கு வந்து சேருவது 21 மில்லிபாரில். அழுத்தமும் குறைவு, ஒரு கன மீட்டருக்கான வெப்பமும் சிலிண்டர் வாயுவில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். ஆகவே அதே சோற்றை அதே நேரத்தில் வேகவைக்க மூன்று மடங்கு கன அளவு வாயு குழாயில் ஓட வேண்டும். மூன்று பர்னர் அடுப்பை முழுத் தீயில் வைத்தால் 7 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் வாயு மணிக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். இயற்கை எரிவாயு மணிக்கு 0.7 கன மீட்டர். 8 மி.மீ. டியூபின் உள்விட்டம் 6 மி.மீ. அளவில்தான் இருக்கும். 10 மீட்டர் நீளத்தில் இந்த ஓட்டத்துக்கு 21 மில்லிபாரில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குழாயிலேயே போய்விடும். பொதுவாக 1 மில்லிபார் அளவு இழப்பைத்தான் ஏற்றுக்கொள்வார்கள். சிலிண்டர் வாயுவில் அதே டியூபில் இழப்பு 4 மில்லிபார் அளவுக்குள் நின்றுவிடும், அதுவும் எல்லா பர்னரும் ஒன்றாக எரியும்போதுதான். அதனால் யாருக்கும் குறை தெரியாது. உங்கள் பிளம்பர் இதுவரை போட்ட வீடுகளில் ஒருவரும் புகார் சொல்லியிருக்க மாட்டார். அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய அனுபவம் வேறு வாயுவைப் பற்றியது. சிலிண்டருக்கே போடுவதானாலும் 12 மி.மீ. வெளிவிட்டம், 1 மி.மீ. சுவர்த் தடிமன் உள்ள காப்பர் குழாய் கேளுங்கள். உள்ளே 10 மி.மீ. கிடைக்கும், இழப்பு ஏறக்குறைய இல்லாமல் போகும்.

இன்னொரு வேறுபாடு கட்டடத்தையே தொடுகிறது. சிலிண்டர் வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் தரையில் படர்ந்து பள்ளத்தைத் தேடும். இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். காற்றைவிட லேசு, மேலே ஏறிக் கூரைக்கு அடியில் தங்கும். காற்றில் 5 விழுக்காடு சேர்ந்தால் மீத்தேன் பற்றும்; சிலிண்டர் வாயு 2 விழுக்காட்டுக்கும் கீழேயே பற்றத் தொடங்கிவிடும். எனவே அடுக்களைச் சுவரில் இரண்டு இடத்தில் திறப்பு வேண்டும்: தரையை ஒட்டி ஒன்று, கூரைக்குச் சற்றுக் கீழே ஒன்று, இரண்டும் நேரே வெளிக்காற்றுக்கு. மூடிபோட்டு அடைக்க முடியாத கிரில் போதும்; பாம்பு, எலிக்குப் பயந்தால் துருப்பிடிக்காத வலை அடியுங்கள். பரணைச் சுவரோடு சுவராக மூடிக் கதவு போடுவதும், அடுக்களைக்கு ஃபால்ஸ் சீலிங் அடிப்பதும் மீத்தேனுக்குப் பெட்டி செய்து கொடுப்பதுதான். அது வேண்டாம்.

வழி விட்டுவைப்பது என்றேனே, அது இவ்வளவுதான். நிறுவனம் தெருவிலிருந்து பாலிஎத்திலீன் குழாயை மண்ணுக்குள் கொண்டுவந்து, வீட்டுச் சுவரருகே உலோகக் குழாய்க்கு மாற்றி, ரெகுலேட்டர், மீட்டர், அடைப்பு வால்வு எல்லாம் வைத்து, அங்கிருந்து ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) அல்லது காப்பர் குழாயைச் சுவருக்கு வெளியே கிளாம்பில் பிடித்து அடுக்களைக்குள் கொண்டுவரும். பாலிஎத்திலீன் குழாய் மண்ணுக்குள் மட்டும்தான். வெயில் பட்டால் கெட்டுவிடும், தீயில் உருகிவிடும். ஆகவே கேட்டிலிருந்து அடுக்களையின் வெளிச்சுவர் வரை ஓர் ஓரமாகத் தோண்டக்கூடிய மண்பாதையை விடுங்கள், அதன்மேல் கான்கிரீட் போட்டு டைல் ஒட்டிவிடாதீர்கள். செப்டிக் டேங்க்கையும் தண்ணீர்த் தொட்டியையும் அந்தப் பாதையில் கட்டாதீர்கள். அடுக்களை வெளிச்சுவரில், மழை நேரே அடிக்காத பக்கம், மின் மீட்டர் பெட்டியிலிருந்து தள்ளி, நெஞ்சுயரத்தில் ஒரு மீட்டர் அகல உயர வெற்றுச் சுவர் இருக்கட்டும். மேடைக்குச் சற்று மேலே சுவரைக் கடக்க 40 மி.மீ. பி.வி.சி. துண்டு ஒன்றை ஸ்லீவாக, அதாவது குழாய் நுழைந்து போகும் உறையாக, வையுங்கள், வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். இரண்டு முனையையும் இப்போதைக்கு மூடிபோட்டு வையுங்கள். பூச்சுக்கு முன் இயற்கை எரிவாயுவுக்காக நீங்கள் செய்ய வேண்டியது அதற்கு மேல் இல்லை.

இனி சிலிண்டர். உங்கள் பக்கத்து வீடுகளில் அடுக்களைக்குப் பின்னால் வர்க் ஏரியாவும் அதில் விறகடுப்பும் இருக்கும், அதற்கு அப்பால் கிணறு. சிலிண்டரை வெளியே வைக்கப் பிளம்பர் காட்டும் இடம் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். அது சரியான இடமல்ல. கசிந்த வாயு விறகடுப்புக்கும் போகும், கிணற்றுக்கும் இறங்கும். கிணற்றில் இறங்கியது எளிதில் வெளியேறாது. மோட்டார் ஸ்விட்சின் ஒரு பொறி போதும். அடுப்பு, கிணறு, சாக்கடைத் திறப்பு, மோட்டார், இன்வெர்ட்டர் இவற்றிலிருந்து குறைந்தது 3 மீட்டராவது தள்ளி வைக்கப் பாருங்கள். தாழ்வான ஜன்னல், கதவிலிருந்து 1 மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். இவை சிறிய வீட்டு அமைப்புக்கு நான் வைக்கும் அளவு, விதிப் புத்தகத்தின் வரி அல்ல. சிலிண்டர் தொகுதிகளுக்கு ஐ.எஸ். 6044 முதல் பகுதி என்ற இந்தியத் தர நெறி இருக்கிறது. இடைவெளியில் ஐயம் வந்தால் அதைக் காட்டச் சொல்லுங்கள். மொத்தம் 100 கிலோ வரை வாயு வைத்திருக்கத் தனி உரிமம் வேண்டியதில்லை. 14.2 கிலோ சிலிண்டர் இரண்டு அந்த வரம்புக்கு மிகக் கீழே. ஆனால் உரிமம் வேண்டாம் என்பது ஏஜென்சிக்குச் சொல்ல வேண்டாம் என்று ஆகாது. இணைப்பில் செய்யும் மாற்றத்தை அவர்கள் பார்த்து ஒப்புக்கொள்ளட்டும். நாளை விபத்துக் காப்பீடு என்று வரும்போது முதலில் கேட்கப்படுவது அதுதான்.

சிலிண்டர் நிற்கும் இடம் தரைமட்டத்துக்குச் சற்று உயர்ந்த சிமெண்ட் மேடையாக இருக்க வேண்டும், பள்ளமாக அல்ல. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு மழைக்காலம்; தண்ணீர் தேங்கினால் சிலிண்டரின் அடிவளையம்தான் முதலில் துருப்பிடிக்கும். மேலே நிழல், முன்னால் பூட்டுப் போட்ட கிரில், அடியில் காற்றுப் போக இடைவெளி. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும், படுக்கவைத்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் போகும். இரண்டு சிலிண்டரையும் ஒரே குழாயில் சேர்க்கும் 'அடாப்டர்' செட்டுகள் சந்தையில் கிடைக்கின்றன. வீட்டுச் சிலிண்டருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ரெகுலேட்டருக்கு முன்னால் இருக்கும் பக்கத்தில் அழுத்தம் பல பார். அந்தப் பக்கத்தில் கூடும் ஒவ்வோர் இணைப்பும் கூடுதல் ஆபத்து. ஒன்று ஓடட்டும், மற்றது மூடி போட்டு நிற்கட்டும். மாற்ற இரண்டு நிமிடம்தான் ஆகும்.

ரெகுலேட்டரிலிருந்து காப்பர் குழாயின் முனைவரை ஒரு குட்டை ரப்பர் ஹோஸ், அங்கே ஒரு பந்து வால்வு, பிறகு காப்பர், அடுக்களைக்குள் கைக்கு எட்டும் இடத்தில் இன்னொரு வால்வு, அதிலிருந்து அடுப்புக்கு ஒரு ஹோஸ். உள்வால்வு அடுப்புக்கு நேர் பின்னால் இருக்கக் கூடாது; தீப்பிடித்தால் தீக்கு மேலே கை நீட்டி எப்படி மூடுவது? ஹோஸ் ஐ.எஸ். 9573 முத்திரையுள்ள, உள்ளே எஃகுக் கம்பி வலை உள்ள ஆரஞ்சு ரகம். ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம், அதில் அச்சிட்ட காலக்கெடு முடிந்ததும் மாற்றிவிடுங்கள். ரப்பர் ஹோஸைச் சுவர் ஓட்டை வழியாக நுழைத்துச் சிலிண்டரை வெளியே வைப்பது ஊரில் சாதாரணமாகக் காணக்கூடியது. எலி கடித்ததும் ஹோஸ் விரிசல் விட்டதும் சுவருக்குள் மறைந்துவிடும் என்பதால் அது நிச்சயமாகத் தவறு. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

காப்பரைச் சுவருக்குள் பதிப்பதா, வெளியே ஓட்டுவதா? வெளியே ஓட்டுங்கள் என்பேன். அழகு குறையும் என்பார்கள். மேடைக்கு அடியில், மூடாத ஓரமாக ஓட்டினால் கண்ணிலேயே படாது. கட்டாயம் பதித்தே ஆக வேண்டும் என்றால், பதியும் நீளத்தில் ஓர் இணைப்புக்கூட இருக்கக் கூடாது. ஒரே துண்டாக, பிளாஸ்டிக் உறை போட்ட குழாயாக இருக்கட்டும். மின் கம்பிக் குழாயின் அதே காடியில் போடக் கூடாது. பாதை நேர் குத்தாகவோ நேர் கிடையாகவோ போகட்டும், குறுக்காக வேண்டாம். பூசுமுன் அளவு நாடாவை ஒட்டிவைத்துப் படம் எடுத்து வையுங்கள், ஏனென்றால் அடுத்து வருபவர் அலமாரி அடிக்க டிரில்லோடு வரும் தச்சர். உங்கள் சுவர் ஹாலோ பிளாக் என்றால் பதிக்கவே பதிக்காதீர்கள். அந்தக் கட்டைகளின் பொந்துகள் ஒன்றோடொன்று தொடரும். ஒரு மூலையில் கசிந்த வாயு சுவருக்குள்ளேயே நடந்து ஸ்விட்ச் பாக்ஸில் வந்து நிற்கும். வெட்டுக்கல் (செம்பாறைக் கல்) சுவரில் அந்தப் பொந்து இல்லை, ஆனால் கல் ஈரத்தை வைத்துக்கொள்ளும். அங்கே உறை இல்லாத குழாய் கூடாது. சுவரைக் கடக்கும் இடத்தில் ஸ்லீவ் வேண்டும். ஸ்லீவுக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள இடைவெளியை உள்பக்கம் மட்டும் இறுகாத சீலன்ட் வைத்து அடைத்து, வெளிப்பக்கம் திறந்து விடுங்கள். கசிந்தால் வாயு வெளியே போகட்டும், வீட்டுக்குள் அல்ல.

இணைப்புகளைப் பிரேஸிங்கில், அதாவது மிகுந்த சூட்டில் மட்டுமே உருகும் உலோகக் கலவை வைத்துப் பற்றவைக்கும் முறையில், செய்யச் சொல்லுங்கள், ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டாம். ஈயப் பற்று 200 டிகிரி அளவிலேயே இளகிவிடும். அடுக்களையில் சின்னத் தீ வந்தால் அதுவே குழாயைத் திறந்து தீக்கு வாயு ஊட்டும். பித்தளை நட் போட்டு இறுக்கும் இணைப்பு வால்வின் அருகே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் சரி. தண்ணீருக்கான பி.வி.சி., சி.பி.வி.சி. எதுவும் வாயுவுக்கு ஆகாது. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போலக் கடலோரத்தில் கட்டுகிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: உப்புக் காற்றில் ஜி.ஐ. குழாயின் மரை வெட்டிய இடம்தான் முதலில் துருப்பிடிக்கும், ஏனென்றால் மரை வெட்டும்போதே துத்தநாகப் பூச்சு போய்விடுகிறது. காப்பர் குழாயை இரும்புக் கிளாம்பில் பிடித்தால் ஈரம் பட்டுக் கிளாம்ப் தின்றுபோகும். பிளாஸ்டிக் அல்லது காப்பர் கிளாம்ப் போட்டு, சுவரிலிருந்து ஒரு விரல் இடைவெளி விட்டுப் பிடியுங்கள்.

சோதனையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சோப்பு நுரை போட்டுப் பார்ப்பது இணைப்பு கண்ணுக்குத் தெரியும்வரை நல்லது, புதைந்ததில் பயனில்லை. பிளம்பர் 10 கிலோ வரை அழுத்தம் காட்டும் முள் மீட்டரைப் பொருத்தி, முள் அசையவில்லை, கசிவில்லை என்பார். அந்த மீட்டரில் 20 மில்லிபார் இழப்பு முள்ளின் தடிமனுக்குள் மறைந்துவிடும். மட்டம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் கண்ணாடி டியூபே இதற்கு நல்ல கருவி. அதை U வடிவில், ஒவ்வொரு கையும் ஒன்றேகால் மீட்டர் உயரத்துக்குக் கட்டிப் பாதிவரை தண்ணீர் ஊற்றுங்கள். அடுப்பையும் ரெகுலேட்டரையும் கழற்றிவிட்டு, ஒரு முனையைக் குழாயில் இணைத்து, சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றடியுங்கள். இரண்டு கையின் நீர்மட்ட வேறுபாடு 1 மீட்டர் என்றால் அழுத்தம் ஏறத்தாழ 100 மில்லிபார். பம்பை மூடிக் கால் மணி நேரம் அமரவிட்டு, பிறகு அரை மணி நேரம் பாருங்கள். ஒரு கவனம்: குழாய்க்குள் இருக்கும் காற்றின் வெப்பம் ஒரு டிகிரி மாறினாலே மட்டம் 3 செ.மீ.க்கு மேல் நகரும். வெயில் ஏறும்போது சோதித்தால் கசிவு இருந்தும் மட்டம் இறங்காமல் நிற்கும். வெயில் தாழும்போது சோதித்தால் இல்லாத கசிவு தெரியும். காலையில் வெயில் படுமுன் செய்யுங்கள். பூச்சுக்கு முன் ஒருமுறை, பூச்சும் அலமாரியும் முடிந்தபின் இன்னொருமுறை. தண்ணீர் நிரப்பிச் சோதிக்க வேண்டாம், உள்ளே தங்கும் ஈரம் பர்னருக்கு வாயு விடும் சிறு துளையான ஜெட்டை அடைக்கும். வெல்டிங் ஆக்சிஜன் சிலிண்டரை வைத்து ஒருபோதும் காற்றடிக்க விடாதீர்கள். குழாயில் எண்ணெய்ப் பசை இருந்தால் அங்கேயே வெடிக்கும்.

குழாய் இருக்கிறதே என்று கேஸ் கீசருக்கும் ஒரு கிளை கேட்பவர்கள் உண்டு. ஆறு லிட்டர் கீசர் ஒன்றே மூன்று பர்னர் அடுப்பைவிடக் கூடுதலாக வாயு குடிக்கும், அதற்குக் குழாய் அளவைத் தனியாகக் கணக்கிட வேண்டும். அதைவிட முக்கியம், அதைக் குளியலறைக்குள் வைக்கவே கூடாது. மூடிய அறையில் அது விடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. வாயுவில் கசிவு தெரிவதற்காகக் கலக்கும் மெர்காப்டன் நாற்றம் இதற்கு உதவாது. அந்த நாற்றம் எப்போது வந்தாலும் ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், எக்ஸாஸ்ட் ஃபேனும் கூடாது. வெளி வால்வை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே போய் 1906-க்கு அழையுங்கள். அது சிலிண்டர் வாயுவுக்கான அவசர எண்.

அடுப்பு இனிதான் வாங்கப்போகிறீர்கள் என்றால், பிற்பாடு இயற்கை எரிவாயுவுக்கு ஜெட் மாற்றக் கிட் கிடைக்குமா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். அழுத்தமும் வெப்பமும் குறைவதால் ஜெட் துளையின் பரப்பு ஏறத்தாழ இரு மடங்காக வேண்டும். பழைய ஜெட்டை ஊசியாலோ டிரில்லாலோ பெரிதாக்குவதைச் சிலர் செய்கிறார்கள். துளை கோணலாகித் தீ மஞ்சளாக எரியும், பாத்திரம் கரி பிடிக்கும், மோனாக்சைடும் கூடும். நிறுவனம் இணைப்புக் கொடுக்கும் அன்று அவர்களுடைய ஆளே ஜெட்டை மாற்றித் தீயின் நிறத்தைப் பார்த்துக் காற்றைச் சரிசெய்து கொடுப்பார். சுவர் என்ன கட்டை, சிலிண்டர் வைக்க நினைக்கும் இடத்துக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் என்பதை நீங்கள் எழுதவில்லை. அளவோடு ஒரு வரைபடம் போட்டால் குழாய்ப் பாதையைப் பற்றி இன்னும் குறிப்பாகச் சொல்லலாம். ஆனால் நேரில் பார்க்கும் ஏஜென்சி மெக்கானிக் மறுத்தால் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.